ஒரு தட்டுக்கு நில், இரண்டு தட்டுக்கு வா

அந்தத் தெருவில் அவளுக்கென்று தனியாக ஒரு பெயர் தேவைப்படவே இல்லை. தைக்கத் துணி கொண்டுவருகிறவர்கள் தையலக்கா என்பார்கள். மற்ற எல்லாருக்கும் அவள் டிரைவர் வீட்டம்மா. டிரைவர் என்றால் அவள் புருஷன். தெருவில் கார் ஓட்டிப் பிழைக்கிறவர்களும் இருந்தார்கள், வேன் ஓட்டுகிறவர்களும் இருந்தார்கள். அவர்களையெல்லாம் டிரைவர் என்று கூப்பிட்டால் ஏதோ இரவல் பட்டம் கொடுத்த மாதிரி இருக்கும். சொந்தமாகப் பத்துச் சக்கர லாரி வைத்திருந்து, அதைத் தெருமுனைக் காலி மனையில் ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்துகிற மனுஷன் இவர் ஒருவர்தான். அவரும் அந்தப் பட்டத்தை லேசில் கழற்றிவைக்கிறவர் இல்லை. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட லாரிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு எல்லாம் வாய்த்தது, கிளீனர் மட்டும் வாய்க்கவில்லை. லாரியைப் பின்னால் எடுக்கும்போது வால்பக்கம் நின்று பாடித் தகரத்தில் கையால் தட்டிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இரண்டு தட்டுத் தட்டினால் வரலாம். ஒரு தட்டு என்றால் அதே இடத்தில் நிற்க வேண்டும். உலகத்தில் இதைவிடச் சுருக்கமான பாஷை கிடையாது. ஆனால் அந்த ஒற்றைத் தட்டு ஒரு இமைப்பொழுது பிந்திவிட்டால் போதும், டிரைவர் தலையை வெளியே நீட்டுவார். "கண்ணு தெரியலையாடா?" என்று ஆரம்பித்து, ஆளின் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று வந்து முடிப்பார். எத்தனையோ கிளீனர்கள் வந்தார்கள், எல்லாரும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். கடைசியாக இருந்தவர் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அப்பேர்ப்பட்ட டிரைவர் லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் கண் டாக்டரிடம் மாட்டிக்கொண்டார். சுவரில் தொங்கிய அட்டையின் உச்சியில் இருந்த பெரிய எழுத்தை அதட்டலாக வாசித்துக் காட்டினார். பிறகு, "மீதியை யாரு சார் அழிச்சது?" என்று கேட்டார். டாக்டர் அவளைப் பார்த்தார், அவள் தரையைப் பார்த்தாள். கண்ணுக்குள்ளே நரம்பு கெட்டுவிட்டது, கண்ணாடி போட்டாலும் ஆபரேஷன் செய்தாலும் திரும்பாது, கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது இனிக் கலங்கலாகத்தான் தெரியும், லாரி ஓட்டவே கூடாது என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். இவர் வெளியே வந்து, "அந்த ரூம்ல லைட்டு சரியில்லை" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை யாரையும் எடுக்க விடவில்லை.

சம்பளத்துக்கு ஒரு டிரைவரை வைத்துப் பார்த்தார்கள். வந்தவர் நல்ல மனிதர், பொறுமைசாலி. ஆனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கியருக்கும் ஒரு வசவு விட்டால் எந்தப் பொறுமைசாலி தாங்குவார்? ஒரே ஒரு லோடு ஏற்றி இறக்கித் திரும்பியதோடு சாவியை டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுப் படி ஏறிச் சொல்லிவிட்டுப் போகக்கூட அவருக்கு மனமில்லை. லாரி காலி மனையில் நின்றது. டிரைவர் காலையில் எழுந்ததும் போய் அதன் கண்ணாடியைத் துடைப்பார், சீட்டில் ஏறி உட்காருவார், சாப்பிடக் கூப்பிட்டால்தான் இறங்குவார். நிற்கிற லாரியில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிற அந்த முதுகைத் தையல் மெஷினிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, அவள் தையலைக் கோணலாக ஓட்டிவிட்டுப் பிரிப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தன் வந்தான். டிரைவருக்குக் கூடப்பிறந்த தம்பி. அவனும் லாரி ஓட்டுகிறவன்தான், ஆனால் அடுத்தவர் லாரி. பேச்சில் சர்க்கரை ஒழுகும். "அண்ணே, வண்டி சும்மா நின்னா டயரு பாழாப் போயிடும். எங்கிட்ட விட்டுடு, நான் பாத்துக்கறேன். நீ உழைச்சது போதும், இனிமே ரெஸ்ட் எடு" என்றான். ரெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வேணாம் தம்பி. ஆளே கிடைக்கலைன்னா நானே ஓட்டிக்கறேன்" என்றாள்.

அது வெறும் எரிச்சலில் வந்த பேச்சு. அவள் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். சாலையைக் கடக்கவே துணைக்கு யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறவள். கொழுந்தன் கேட்டும் கேட்காத மாதிரி இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். அவன் சிரித்தான். சும்மா இல்லை, குடித்த தண்ணீர் மூக்கில் ஏற, தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்னடா இளிப்பு?" என்றார் டிரைவர். "ஏன், அவ ஓட்ட மாட்டாளா? எம்பொண்டாட்டிடா அவ!"

"ஓட்டுவாங்க, ஓட்டுவாங்க. டெஸ்ட்டுல பாஸ் பண்ணணுமே அண்ணே."

"பண்ணுவா. ரெண்டே தடவை. ரெண்டாவது தடவையும் போச்சுன்னா சாவியை நீ எடுத்துக்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

இப்படி அண்ணனும் தம்பியும் வீம்புக்கு நின்றதில், அவளை ஒரு வார்த்தை கேட்காமலேயே, அவள் லாரி ஓட்டப் பழகுகிறவள் ஆகிவிட்டாள்.

பழகுகிறவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். இவர்கள் வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய லைசென்ஸ் ஒன்றே ஒன்றுதான், கொழுந்தனுடையது. அதாவது, அவள் தோற்றால் லாரி யாருக்குப் போகுமோ, அவனே வாத்தியார். கேட்டதும் அவன் மறுப்பே சொல்லவில்லை, "அண்ணிக்கு இல்லாத உதவியா?" என்றான். அவள் புருஷனின் பழைய பேன்ட் ஒன்றைப் பிரித்து, இடுப்பைப் பிடித்து, காலைக் குறைத்துத் தனக்குத் தைத்துக்கொண்டாள். ஸ்டீயரிங்கில் அவள், பக்கத்தில் கொழுந்தன், ஓரத்தில் டிரைவர் என்று மூன்று பேரும் கேபினில் நெருக்கியடித்து ஏறினார்கள்.

தையல் மெஷின் மிதித்துப் பழகிய காலுக்கு கிளட்ச் பிடிபட்டுவிடும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். மெஷின் இப்படித் தூக்கிப் போடாது. லாரி ஒரு குதி குதித்து நின்றது, மறுபடி குதித்து நின்றது.

"சூப்பர் அண்ணி! முதல் நாளைக்கு இதுவே ஜாஸ்தி" என்றான் கொழுந்தன்.

"என்னடா சூப்பர்? இன்ஜின் கதறுது, உனக்குக் கேக்கலையா?" என்று அந்த ஓரத்திலிருந்து சத்தம் வந்தது. "ஏய், காலை மெதுவா எடுடி! மெதுவான்னா மெதுவா! ஊசியில நூல் கோக்கறப்ப இப்படித்தான் குத்துவியா?"

முதல் சில நாட்கள் அவளுக்குக் கொழுந்தன்மேல் பாசம் பொங்கியது, புருஷன்மேல் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின பொண்டாட்டி என்று ஒரு இரக்கம் வேண்டாமா? கிளீனர்களுக்குக் கிடைத்ததில் பாதியாவது தனக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதைக் கணக்குப் பார்த்தபோது, ஓடிப்போன அத்தனை பேர்மேலும் அவளுக்கு மரியாதை வந்தது. அவர்களுக்குப் பஸ் இருந்தது, ஏறிப் போய்விட்டார்கள். அவள் எங்கே போவாள்?

பிறகு ஒரு நாள் சந்தைப் பக்கத் திருப்பத்தில் அவள் வண்டியைத் திருப்பினாள். எல்லாம் சரியாகப் போவதாகத்தான் அவளுக்குப் பட்டது. "சூப்பர் அண்ணி, அப்படியே போங்க, போங்க!" என்றான் கொழுந்தன்.

"நிறுத்துடி!" என்று கத்தினார் டிரைவர். அவள் நிறுத்தி இறங்கிப் பார்த்தாள். பின்சக்கரம் நடைபாதைமேல் ஏறி, ஒரு கடையின் படிக்கட்டை உரசிக்கொண்டு நின்றது. டிரைவருக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. சீட்டில் உட்கார்ந்த இடத்தில் வண்டி ஒரு நூல் சாய்ந்ததை வைத்தே கண்டுகொண்டார். கொழுந்தனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். பக்கக் கண்ணாடி அவன் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "கவனிக்கலையே அண்ணி" என்று அசடு வழிந்தான்.

அன்றிலிருந்து அவளுக்குப் படிப்பு சுலபமாகிவிட்டது. கொழுந்தன் சூப்பர் என்றால் எங்கேயோ தப்பு, உடனே கால் பிரேக்குக்குப் போக வேண்டும். அவன் வாயை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் வண்டி சரியாகப் போகிறது. சாப்பிடும்போது இதை அவள் டிரைவரிடம் சொன்னாள். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவள் எழுந்து முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"டெஸ்ட்டு கிடக்கட்டும்டி, இதுக்கே உனக்கு லைசென்ஸ் குடுக்கலாம்" என்றார்.

நாள்பட நாள்பட, கொழுந்தன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற நேரம் கூடிக்கொண்டு வந்தது. ஒரு காலையில் ஊருக்கு வெளியே, காலிச் சாலையில், கியர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தன. அத்தனை உயரத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, இத்தனை நாளும் அவளை நடுங்கவைத்த கார்களும் பைக்குகளும் ஒதுங்கி வழிவிட்டன. யாரும் ஓரத்திலிருந்து கத்தவில்லை. "நல்லாருக்குங்க" என்றாள், தன்னையறியாமல். அதுவரை புருஷனுக்காக, வீம்புக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இந்த சீட்டு எனக்கு வேண்டும், இதை யாருக்கும் விடமாட்டேன் என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தாள்.

பின்னால் எடுப்பதை மட்டும் டிரைவரே காலி மனையில் சொல்லிக்கொடுத்தார். கிட்டத்துப் பார்வை போதுமான வேலை அது. வால்பக்கம் நின்று தட்டுவார். இரண்டு தட்டு, வருவாள். ஒரு தட்டு, நிற்பாள். எவ்வளவு பழகினாள் என்றால், அடுக்களையில் அவர் கை தவறித் தம்ளரை ஒரு தட்டுத் தட்டினால், இவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவாள்.

டெஸ்ட் எடுக்கிற மைதானத்தைச் சுற்றித் தகர வேலி. கூட வந்தவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு ஓயாத ஜலதோஷம். பேச வாய் திறப்பதற்குள் தும்மல் வந்து நிற்கும். நட்டுவைத்த கம்பங்களுக்கு நடுவே லாரியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், எடுத்த பிறகு நடுவில் நிறுத்தினால் ஃபெயில் என்று தும்மல்களுக்கு இடையே விளக்கினார். முன்னே போகிறது, திருப்பம், மேடு எல்லாம் ஒழுங்காக முடிந்தது. கடைசியில் ரிவர்ஸ். இரண்டு பக்கக் கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்து, துணியை ஊசிக்கு நேராக விடுகிற மாதிரி வண்டியைக் கம்பங்களுக்கு நேராக விட்டாள். பாதிக்கு மேல் உள்ளே போயாயிற்று.

தகரத்தில் ஒரு தட்டு விழுந்தது.

அவள் யோசிக்கவே இல்லை. கால் பிரேக்கில் இருந்தது, வண்டி நட்ட மரமாக நின்றது.

"ஏம்மா நிறுத்தினீங்க?" என்று ஓடிவந்தார் இன்ஸ்பெக்டர்.

"தட்டினாங்க சார்."

"யாரு தட்டினா? பின்னால இன்னொரு வண்டியே நிறுத்தலாம், அவ்வளவு இடம் கிடக்கு!"

அவள் கண்ணாடியில் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் டிரைவர் தன் உள்ளங்கையை யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் ஒரு தும்மல் தும்மி ஃபெயில் போட்டார். "சூப்பர் அண்ணி, விடுங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றான் கொழுந்தன். அந்த ஒரு தடவைதான் அவன் அதை மனதாரச் சொன்னான்.

சாயங்காலம் அவள் மெஷினில் உட்கார்ந்தாள், ஆனால் மிதிக்கவில்லை.

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. நான் பாஸ் பண்றது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"பைத்தியமாடி உனக்கு?"

"பின்ன எதுக்குத் தட்டினீங்க?"

அவர் சாவியைச் சுழற்றினார். பிறகு சுழற்றுவதை நிறுத்தினார்.

"கம்பம் எங்க இருக்கு, வண்டி எங்க இருக்குன்னு தெரியலைடி. எல்லாம் ஒண்ணாத் தெரிஞ்சுது. நீ மோதப் போறேன்னு பயந்துட்டேன். கை தானாப் போயிடுச்சு." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்த டாக்டர் ரூம்ல லைட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தோற்றதற்கு வராத அழுகை. அவர் சத்தம் போட்டிருந்தால் அவளும் பதிலுக்கு இரண்டு போட்டிருப்பாள். இப்படி மெதுவாகப் பேசுகிற மனுஷனிடம் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தைத்துக்கொண்டிருந்த சீருடைத் துணியிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த தடவை நான் வரலை. வீட்லயே இருக்கேன்" என்றார்.

"வரணும். நீங்க வராம நான் எப்படிப் போவேன்? உங்க கையை மட்டும் நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். இரண்டாவது டெஸ்ட் அன்று மைதானத்தில் ஷூ மாட்டிக்கொண்டு, கழற்றிய செருப்பை அவர் வலது கையில் கொடுத்தாள், சாப்பாட்டுப் பையை இடது கையில் கொடுத்தாள். "ரெண்டையும் கீழ வச்சீங்க, அப்புறம் இருக்கு" என்றாள். துக்க வீட்டில்கூட சாவி சுழற்றிய டிரைவர், ஊரில் பாதி லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கையில் பொண்டாட்டி செருப்பும் மறு கையில் சோற்றுப் பையுமாகத் தகர வேலி ஓரம் நின்றார். பக்கத்தில் கொழுந்தன், சீவிய தலையும் புதுச் சட்டையுமாக. சாவியை வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தான், பாவம்.

இன்ஸ்பெக்டருக்கு ஜலதோஷம் இன்னும் விட்டபாடில்லை. கைக்குட்டையை ஆட்டி ஆரம்பிக்கச் சொன்னார். அவள் முன்னே போனாள், திரும்பினாள், மேட்டில் நிறுத்தி எடுத்தாள். ரிவர்ஸுக்கு வந்ததும் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டாள். இது போனால் லாரி போச்சு, சீட்டுப் போச்சு, புருஷன் காலி மனையில் உட்காரக்கூட இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே கிடப்பார். மெல்ல விட்டாள். பாதி உள்ளே போயிற்று. பாதிக்கு மேல் போயிற்று.

தகரத்தில் ஒரு தட்டு விழுந்தது. நன்றாக, ஓங்கி.

கால் பிரேக்கைத் தொட்டது. ஆனால் அழுத்துவதற்குள் கண் கண்ணாடிக்குப் போயிருந்தது. கண்ணாடியில் டிரைவர் தெரிந்தார். வலது கையில் செருப்பு. இடது கையில் பை. இரண்டும் வைத்த இடத்தில் இருந்தன. அப்படியென்றால் தட்டியது யார்? அவள் நின்றால் லாபம் அடைகிற ஆள் அங்கே ஒருவன்தான் இருந்தான். அவன் போ என்றால் நிற்க வேண்டும், நில் என்றால் போக வேண்டும். இவ்வளவு நாளும் பாடுபட்டு அவன் சொல்லிக்கொடுத்த பாடமே அது ஒன்றுதானே. அவள் காலை எடுத்துவிட்டு, அதே வேகத்தில் போய்க் கம்பங்களுக்கு நட்டநடுவில் நின்றாள்.

"யாரோ அவ்வளவு சத்தமாத் தட்டுறாங்க, நீங்க அசையவே இல்லையே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கேட்டுச்சு சார். ஆனா அது எனக்கு இல்லை."

வேலி ஓரத்தில் டிரைவர் தம்பியின் பக்கம் திரும்பியிருந்தார். கையில் இருப்பதைக் கீழே வைக்க அவருக்கு அனுமதி இல்லை. அதனால்தான் தம்பி பிழைத்தான்.

"கொசுண்ணே" என்றான் கொழுந்தன், பட்டப்பகலில். "கொசு அடிச்சேன்."

லைசென்ஸ் வந்தது. அதோடு ஒரு சின்னச் சிக்கலும் வந்தது. கேபினில் ஏற வேண்டுமென்றால் டிரைவருக்கு ஒரு வேலை வேண்டும். காலியாக இருந்தது ஒரே ஒரு வேலைதான். அது இவ்வளவு காலமும் காலியாகவே இருந்ததற்குக் காரணமும் அவர்தான். முதல் லோடு கிளம்புகிற காலையில் அவர் கிளீனரின் அழுக்குத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சாவியை அவள் முன்னால் நீட்டினார். ரொம்ப நாள் கழித்து அவர் விரல்கள் சும்மா இருந்தன.

சரக்கு இறக்குகிற கிடங்கின் வாசலில் காவல்காரர் வந்து, "டிரைவர் எங்கேப்பா?" என்றார். கீழே நின்ற இவர் வாய் பழக்கத்தில் பாதி திறந்துவிட்டது. மூடிக்கொண்டு, மேலே கை காட்டினார். "உள்ள இருக்காங்க."

காவல்காரர் அண்ணாந்து அவளைப் பார்த்தார், குனிந்து இவரைப் பார்த்தார். "அப்ப நீங்க டிரைவர் வீட்டுக்காரரா? சரி சரி, பின்னால போய் நின்னு பாத்து விடுங்க" என்றார்.

அவர் வால்பக்கம் போய் நின்றார். இரண்டு தட்டுத் தட்டினார். அவள் வந்தாள். மறுபடி இரண்டு. வந்தாள். கிடங்கின் மேடை நிழலில் இருந்தது. விளிம்பு எங்கே, நிழல் எங்கே என்று அவருக்குப் பிரிபடவில்லை. ஒற்றைத் தட்டும், லாரியின் பின்பக்கம் மேடையில் 'டங்' என்று மோதியதும் ஒன்றாகக் கேட்டன. மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். பெரிய அடி ஒன்றும் இல்லை, ஆனால் அடி அடிதான். அவர் பாடியில் வைத்த கையை எடுக்காமல், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இந்த இடத்தில் என்ன வரும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஒவ்வொரு கிளீனரும் நின்ற இடத்தில்தான் நின்றார்.

அவள் தலையை வெளியே நீட்டினாள். கிளீனர்களை ஓட்டிய அந்த மூன்று வார்த்தையும் அவள் நாக்கு நுனிக்கு வந்தன. அந்த சீட்டில் உட்கார்ந்தால் யாருக்கும் அதுதான் வரும்போலிருக்கிறது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"சூப்பர்ங்க!" என்றாள்.

அவர் தலை நிமிர்ந்தது. ஒரு கணம் ஒன்றும் புரியாமல் பார்த்தார். அப்புறம் சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

"தெரியுதுடி, தெரியுது" என்றார். "முன்னால எடுத்துட்டு மறுபடி வா."

அவள் முன்னால் எடுத்தாள். அவர் மேடை ஓரமாகப் போய், விளிம்பை ஒரு கையால் தொட்டுப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இரண்டு தட்டுத் தட்டினார். ஒற்றைத் தட்டு இந்தத் தடவை விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அவள் வாயே திறக்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.